வெளிறிய புல் பழைய ரோடாகுமா?

கேள்வி: எங்கள் தோட்டத்து மாட்டுப் புல்வெளியை மார்ச் நடுவில் ட்ரோனில் படம் எடுத்தார்கள். சரிவில் சுமார் 3 மீற்றர் அகலத்துக்கு வெளிறிய பட்டை ஒன்று ஓடுகிறது. அதன் மேல்பக்க ஓரத்தில் மட்டும் கரும்பச்சைக் கோடு. இது தேயிலைக்கு முந்தைய கோப்பிக் காலத்துக் கரத்தை ரோடா, மூடிப்போன கானா (வடிகாலா)?
– வாசகர், புசல்லாவை

பதில்: ரோடாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த ஒற்றைப் பச்சைக் கோட்டை வைத்துத்தான் சொல்கிறோம். சமவெளி ரோட்டுக்கு இரு ஓரமும் கான் இருக்கும். கான் மண் மூடிப்போனாலும் அங்கே மண் ஆழம், ஈரம் நிற்கும், புல் கடைசிவரை பச்சையாக இருக்கும். நடுவில் சல்லி இறுகிக் கிடப்பதால் வேர் இறங்காது. மழை விட்டுச் சில வாரத்தில் புல் பழுத்துவிடும். மலையில் கதை வேறு. மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டித்தான் ரோடு போடுவார்கள். கானும் மேல்பக்கத்தில்தான் ஓடும். கீழே கொட்டிய இளகிய மண்ணிலும் புல் சற்றுச் செழிக்கும், ஆனால் அந்தப் பச்சைக்குச் சீரான விளிம்பு இருக்காது. உங்கள் படத்தில் அது இல்லையென்றால் கொட்டுமண் அரித்துப் போயிருக்கலாம். பட்டை இடையிடையே காணாமல் போனால் பயப்பட வேண்டாம்: மேலிருந்து வழிந்த மண் அரை மீற்றருக்கு மேல் சல்லியை மூடிய இடத்தில் புல்லுக்கு அடியில் என்ன இருந்தாலும் தெரியாது.

அடுத்து பட்டை எவ்வளவு சரிந்து போகிறது என்ற வாட்டத்தை அளந்து பாருங்கள். கொத்தனார் பிடிக்கிற தண்ணீர் டியூப் மட்டமே போதும். தேயிலை மலையின் குறுக்குக் கான் 120க்கு 1 என்ற வாட்டத்தில் வெட்டப்படுவது; 10 மீற்றருக்கு 8 சென்ரிமீற்றர்தான் இறங்கும். அதே 10 மீற்றரில் அரை மீற்றர் ஏறினால் அது கானல்ல. கூகுள் ஏர்த்தில் கோடு இழுத்து உயரம் பார்ப்பவர்கள் 300 மீற்றர் நீளமாவது எடுக்க வேண்டும். அங்குள்ள உயரத் தரவு பல இடங்களில் 30 மீற்றருக்கு ஒரு புள்ளிதான்; குறுகிய துண்டில் வரும் எண்ணை நம்ப முடியாது.

ஏமாற்றக்கூடியவை மூன்று. தண்ணீர்க் குழாய் புதைத்த தடம் ஒடுக்கமாக, பெரும்பாலும் நேரே கீழிறங்கும். மாட்டுத் தடம் பிரிந்து பிரிந்து சேரும். மூன்றாவதான குவார்ட்ஸைட் என்ற கடினப் பாறையின் பட்டைதான் அனுபவசாலிகளையும் ஏய்க்கும். மேலே மண் மெல்லியதாக இருப்பதால் புல் அதே மாதிரி வெளிறும். ஆனால் பாறை ஓடையைக் கண்டு வளையாது, அக்கரையிலும் தன் திசையிலேயே போகும். ரோடு ஓடைக்குக் கிட்டே வந்ததும் உள்வாங்கி வளைந்து மதகுக்கு இடம் தேடும். அந்த வளைவில் அடுக்கிய கற்களைத் தேடுங்கள்.

கோப்பிக் காலமா என்பதைப் புல் சொல்லாது. எது எதை வெட்டுகிறது என்று பாருங்கள். தேயிலைக் கான் பட்டையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனால், ரோடு அந்தக் கானுக்கு மூத்தது. நில அளவைத் திணைக்களத்தின் 1956 வான்படங்களையும் பார்க்கலாம். ஆனால் 1:40,000 அளவில் 3 மீற்றர் ரோடு படத்தில் 0.075 மில்லிமீற்றர்தான், பூதக்கண்ணாடி இல்லாமல் முடியாது.

கேள்வி: தேயிலை மலையில் ஒன்றும் தெரிவதில்லையே, ஏன்?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வளர்ந்த தேயிலையில் தேடுவது வீண் வேலை. வேர் ஆழமாகப் போவதால் மேல்மண் காய்வதை அது பொருட்படுத்தாது. கொழுந்தெடுத்து மட்டமான மேற்பரப்பு சிறு மேடு பள்ளங்களையும் மறைத்துவிடும். கவ்வாத்து (செடியை வெட்டிக் குறைப்பது) முடிந்த சில வாரங்கள் ஒரு வாய்ப்பு, அப்போது நிலத்தின் உருவம் வெளியே வரும். அதைவிட நல்லது மறுநடுகை. செடியைப் பிடுங்கியதும் சல்லி கலந்த மண் நிறத்தால் பிரிந்து தெரியும். பிறகு மண் தேறுவதற்காக ஒன்றரை, இரண்டு வருடம் குவாத்தமாலா அல்லது மானாப் புல் நிற்கும்; அது இளசாக இருக்கும்போது வளர்த்தி வித்தியாசத்தைப் படமெடுத்துவிடுங்கள்.

படமெடுக்க உங்கள் ஊவாப் பக்கத்துக்கு வறண்ட ஜூலை, ஓகஸ்ட் சரி. ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கம் அந்த மாதங்களில் மழை. அங்கே பெப்ரவரி, மார்ச்தான். தண்ணீர் தெளிக்கும் உருளைக்கிழங்குத் தோட்டத்தையும் தண்ணீர் கட்டிய வயலையும் விட்டுவிடுங்கள். தாகம் எடுக்காத பயிர் எதையும் காட்டிக்கொடுக்காது.

கேள்வி: மன்னாரிலிருந்து நம் முன்னோர் நடந்து வந்த பாதையை இப்படிக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், மாத்தளை

பதில்: வெளிறிய பட்டையாக வராது. காலால் நடந்த பாதைக்குச் சல்லி ஏது? பலர் நடந்து நடந்து குழிந்த ஒற்றைப் பள்ளமாகவே அது இருக்கும். அதில் ஈரம் தங்கிப் பச்சைக் கோடாகத் தெரியலாம், நீரோடிய பள்ளத்தோடு குழம்பவும் செய்யும். நீரோட்டம் சரிவோடு இறங்கும், பாதை சரிவைச் சாய்த்து ஏறும். பல இடங்களில் பின்னால் வந்த வீதியே பழைய பாதையின் மேல் ஏறிவிட்டது. வீதி நேராக்கப்பட்டு, பழைய வளைவு ஒதுக்கி விடப்பட்ட துண்டுகளில் தேடுவதே பலன் தரும்.

கேள்வி: மேடு பள்ளங்களின் நிழலை வைத்துப் பழைய ரோட்டைப் பார்க்க எத்தனை மணிக்குப் படம் எடுக்க வேண்டும்?
– வாசகர், ஹட்டன்

பதில்: இங்கே சூரியன் மணிக்கு ஏறக்குறைய 15 பாகை ஏறிவிடும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் நாள் முழுக்கக் கிடைக்கும் சாய்வெயில் நமக்கு உதயத்துக்குப் பின் ஒரு மணி நேரம்தான். அதிலும் எதிர்மலை பாதியைத் தின்றுவிடும், மீதியைப் பனிமூட்டம். ஆகவே கிழக்குச் சரிவைக் காலையிலும் மேற்குச் சரிவை மாலையிலும் எடுங்கள். ட்ரோனைப் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சந்தேகம் தீர ஒரு குழி தோண்டிப் பார்த்தால் என்ன?
– வாசகர், கம்பளை

பதில்: வேண்டாம். தொல்பொருள் தேடி அனுமதியில்லாமல் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம், சொந்தக் காணியானாலும் சரி. மழை அரித்த கரையிலோ புதிதாக வெட்டிய மண்சுவரிலோ சல்லி அடுக்கு தானாகவே தெரிந்தால், அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஜீபீஎஸ் புள்ளியோடு தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதுங்கள்.