ஆறு புள்ளி வண்டின் பட்டா மாறுதல்

கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். கோடை மழை பெய்த மறுநாள் எங்கள் சோளக்காட்டு வரப்பில் ஒரு கறுப்பு வண்டு ஓடியது. கட்டைவிரல் நீளம் இருக்கும். முதுகில் வெள்ளைப் புள்ளிகள். பேரன் கைப்பேசியில் படம் பிடித்துத் தேடிப் பார்த்து, ‘ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா (ஃபேப்ரிசியஸ், 1775)’ என்றான். அப்புறம் அவனே, 1775-ல் வைத்த பெயர் இது இல்லை தாத்தா, அப்போது ‘கேராபஸ் செக்ஸ்குட்டாடஸ்’ என்றிருந்தது என்று காட்டினான்.

பெயர் மாற்ற மனுக்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவன் நான். ஒரு இனிஷியல் மாறினாலே எத்தனை நடை நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். குழப்பம் வரக்கூடாது என்றுதானே விஞ்ஞானிகள் லத்தீனில் பெயர் வைத்தார்கள்? பிறகு அவர்களே ஏன் இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள்? தங்கள் பெயரும் சேரட்டும் என்ற ஆசையா? ஃபேப்ரிசியஸ் என்பவரை ஏன் அடைப்புக்குறிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள்? மாற்றுவதென்று வந்தபின் நம் வண்டுக்கு நாமே நல்ல பெயராக வைத்தால் என்ன?

கடைசியாக ஒன்று. ‘செக்ஸ்’ என்றால் லத்தீனில் ஆறாம். பேரன் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னான். எங்கள் வண்டுக்கு ஐந்து புள்ளிதான் இருக்கிறது. புது இனமாக இருக்குமோ? படம் இணைத்திருக்கிறேன்.

ம.,
துறையூர்

பதில்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

படத்தைப் பார்த்ததும் உதடு எரிந்தது. பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் போட்டு, கொன்றை இலை கிள்ளிப் போட்டு வளர்க்காத பிள்ளை அந்தக் காலத்தில் இல்லை. எனக்குப் பொன்வண்டு கிடைக்காத ஒரு வருடம், கிணற்றடிக் கல்லைப் புரட்டியபோது உங்கள் வண்டு கிடைத்தது. எங்கள் பக்கம் அதைப் புள்ளி வண்டு என்போம். புள்ளி உள்ள எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வோம், அது வேறு விஷயம். தீப்பெட்டிக்குள் தலையைத் திணிக்கப் பார்த்தேன். அது பின்பக்கத்தைத் தூக்கியது. அவ்வளவுதான் தெரியும். விரலிலும் உதட்டிலும் நெருப்பு. கட்டெறும்பை நசுக்கினால் வருமே, அந்த நெடி பத்து மடங்காக. ஃபார்மிக் அமிலம். எறும்பிடம் இருக்கிற அதே சரக்குதான், இதனிடம் கொள்ளளவு அதிகம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இருந்த வேலையை வைத்தே பதில் சொல்லிவிடலாம். அந்த வண்டுக்கு நடந்தது பெயர் மாற்றம் இல்லை. உட்பிரிவும் பட்டா மாறுதலும்.

யோகான் கிறிஸ்டியன் ஃபேப்ரிசியஸ் டென்மார்க்காரர், உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர், பிறகு கீல் பல்கலைக்கழகப் பேராசிரியர். வாழ்நாளில் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பூச்சிகளுக்குப் பெயர் வைத்த மனிதர். நம் ஊர்த் தேனீக்குப் பெயர் வைத்ததும் இவர்தான். இந்தியா பக்கம் வராமலே. டேனியர்களின் தரங்கம்பாடிக்கு 1768-ல் மருத்துவராக வந்த கோனிக் போன்றவர்கள் இங்கே பிடித்ததை ஊசி குத்திக் கப்பலேற்றுவார்கள். அவர் அங்கே சில வரி லத்தீனில் பதிந்துகொள்வார். 1775-ல் வெளியான அவருடைய ‘சிஸ்டமா எண்டமாலஜியே’யில்தான் உங்கள் வரப்பு வண்டு முதன்முதலாகப் பதிவாகிறது. கறுப்பு, ஆறு வெள்ளைச் சொட்டு, எனவே செக்ஸ்குட்டாடஸ். ஆறுசொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதை அவர் போட்ட பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி, கேராபஸ். இரட்டைப் பெயரின் முன்பாதி அதுதான். லின்னேயஸ் 1758-ல் போட்டது. தரையில் ஓடி இரை பிடிக்கிற, நீளக் கால் வண்டுகளையெல்லாம் அன்றைக்கு அதில்தான் தள்ளுவார்கள். உங்கள் மொழியில் சொன்னால், ஒரு கிராமம் முழுக்க ஒரே சர்வே நம்பர். ஆள் குறைவாக இருக்கும்வரை அது ஓடும். கப்பல் கப்பலாக வண்டு வந்து இறங்க ஆரம்பித்தபின் எப்படி ஓடும்? அந்த ஒற்றை நம்பர் இன்று ஒரு முழுக் குடும்பம். கேராபிடே என்று பெயர், சுமார் 40,000 இனங்கள். பழைய கேராபஸ் என்ற பெயர் அதற்குள் ஒரு பேரினத்துக்கு மட்டும் ஒதுங்கிவிட்டது. அந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் குளிர்ப்பிரதேசங்களில் ஊர்கின்றன. தென்னிந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது.

உட்பிரிவு செய்தவர் யார் என்பதில் ஒரு வேடிக்கை. ஃபேப்ரிசியஸ் பூச்சியின் வாயைப் பார்த்தே வகை பிரிக்கிறவர். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. அப்படிப் பார்த்துப் பார்த்து, ஆறுசொட்டியும் அதன் கூட்டாளிகளும் கேராபஸ் இல்லை என்று தானே முடிவுக்கு வந்து, ஆந்தியா என்று தனிப் பேரினம் வகுத்து 1801-ல் புத்தகம் போட்டார். ஆனால் அதே ஆண்டு, அதே கீல் நகரத்தில், வெபர் என்ற இளைஞர் போட்ட சிறிய புத்தகம் கொஞ்சம் முந்தி அச்சாகிவிட்டது. அதிலும் ஆந்தியா இருந்தது. முதலில் பதிவான பத்திரம்தான் செல்லும். இன்றுவரை அந்தப் பேரினத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘வெபர், 1801’ என்றுதான் எழுதுகிறோம். கிழவர் என்ன சொன்னாரோ!

இந்த முந்துரிமை விதியில் அடிபட்ட இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன், அவர் நம் கடற்கரைக்காரர். தால்டோர்ஃப் என்ற டேனிய அதிகாரி, தரங்கம்பாடியில் இருந்துகொண்டு ஃபேப்ரிசியஸுக்கு வண்டு பிடித்து அனுப்பியவர். 1791 நவம்பரில் ஒரு குளத்தோரப் பனைமரத்தின் இடுக்கு வழியாக மீன் ஒன்று மேலே ஏறுவதைப் பார்த்தார். நமக்குத் தெரிந்த பனையேறிக் கெண்டைதான். 1797-ல் ஏறும் மீன் என்று பொருள்பட லத்தீன் பெயர் வைத்து எழுதினார். அதற்குள், 1792-லேயே, ப்ளாக் என்பவர் பெர்லினில் உட்கார்ந்தபடி அதே மீனுக்கு ‘ஆமை போன்றது’ என்று பெயர் வைத்துப் பதிந்துவிட்டார். மரமேறியதைக் கண்ணால் பார்த்தவர் வைத்த பெயர் செல்லவில்லை. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. விதி விதிதான்.

மறுபடியும் நம் வண்டு. கேராபஸிலிருந்து ஆந்தியாவுக்குப் போனபோது அதன் பெயரில் மாறியது முன்பாதி மட்டும். பின்பாதியான ஆறுசொட்டி 1775-லிருந்து அப்படியே நிற்கிறது. செக்ஸ்குட்டாடஸ் எப்படி செக்ஸ்குட்டாட்டா ஆயிற்று என்பீர்கள். லத்தீனில் கேராபஸ் ஆண்பால், ஆந்தியா பெண்பால். அடைமொழி அதற்கேற்ற விகுதி எடுக்க வேண்டும். நாம் அஃறிணை என்று ஒரே போடாகப் போட்டிருப்போம். அவர்கள் வண்டுக்கும் பால் பார்த்து விகுதி போடுகிறார்கள்.

அடைப்புக்குறி இதைச் சொல்லத்தான் இருக்கிறது. ஃபேப்ரிசியஸைப் பூட்டி வைக்கவில்லை. ‘பெயர் வைத்தவர் இவர், ஆனால் இவர் வைத்தபோது வேறு பேரினத்தில் இருந்தது’ என்று அந்த இரண்டு வளைவுக்கும் பொருள். தேனீயைப் பாருங்கள்: ஏபிஸ் செரானா ஃபேப்ரிசியஸ், 1793. அடைப்புக்குறி இல்லை. வைத்த இடத்திலேயே இருக்கிறது. பட்டாவைப் பார்த்ததுமே இது மூலப் பட்டாவா, மாறுதலாகி வந்ததா என்று சொல்லிவிடுவீர்களே, அந்த வேலையை இந்த வளைவுகள் செய்கின்றன.

புகழாசை என்றீர்கள். அங்கேதான் நீங்கள் அவர்களைத் தப்பாக எடைபோட்டுவிட்டீர்கள். தாவரவியலில் ஒரு செடியை வேறு பேரினத்துக்கு மாற்றியவர் பெயரும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். விலங்கியலில் அது கிடையாது. முதலில் விவரித்தவருக்கு அடைப்புக்குறிக்குள் இடம், மாற்றியவருக்கு ஒன்றுமில்லை. உங்கள் காலத்துச் சர்வேயர் யார் பெயராவது பட்டாவில் இருக்கிறதா?

மாறுதலுக்கு அடிப்படை என்ன என்று கேட்டால், அளவுக்கல். எந்த உடலைக் கையில் வைத்துக்கொண்டு விவரித்தார்களோ அந்த உடல், ஊசியோடும் சீட்டோடும், எங்கோ ஒரு இழுப்பறையில் இருக்க வேண்டும். அதை மூல மாதிரி என்பார்கள். வரிகளில் குறை இருக்கலாம், சந்தேகம் வந்தால் கல்லைத் தேடிப் போவீர்கள் அல்லவா? ஃபேப்ரிசியஸ் தன்னிடம் வைத்திருந்த பூச்சிகள் இப்போது கோபன்ஹேகனில் இருக்கின்றன. அவர் லண்டனில் இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் வீட்டில் பார்த்து எழுதியவை அங்கேயுள்ள அருங்காட்சியகத்தில். ஆண்ட்ரூஸ் என்று ஒருவர், இந்தியாவில் வன அதிகாரியாக இருந்தவர், இப்படி ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து, இந்திய, கிழக்காசியத் தரை வண்டுகளின் மூல மாதிரிகளைப் பார்ப்பதையே பிற்பாதி வாழ்க்கையாக வைத்துக்கொண்டார். ஒரே வண்டுக்கு நாலு பேர் நாலு பெயர் வைத்திருப்பார்கள், நாலையும் அருகருகே வைத்துப் பார்த்து மூன்றைத் தள்ள வேண்டும். தள்ளிய பெயர்களையும் தூக்கிப்போட முடியாது. பட்டியலிட்டுக் கூடவே வைக்க வேண்டும். வில்லங்கச் சான்றேதான். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் அவைதான்.

இத்தனை அலைச்சலும் எதற்கு? கேராபஸ் என்றே விட்டிருந்தால், உங்கள் வரப்பு வண்டின் சொந்தபந்தம் ஜெர்மனிக் காட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். ஆந்தியா என்றானதும் பார்வை தெற்கே திரும்புகிறது. அந்தப் பேரினத்தின் பெரும்பாலான இனங்கள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் அவற்றை ‘ஊக்பிஸ்டர்’ என்பார்கள். கண்ணில் மூத்திரம் அடிப்பவன் என்று அர்த்தம். (உதட்டோடு தப்பித்த என்னை அதிர்ஷ்டசாலி என்றுதான் சொல்ல வேண்டும்.) கலஹாரியில் ஒரு பல்லி வகையின் குஞ்சு, கறுப்பில் வெள்ளைப் புள்ளியோடு, முதுகை வளைத்துக்கொண்டு, இந்த வண்டு மாதிரியே விறைப்பாக நடக்கும். தின்ன வருகிறவர்கள் அமிலத்துக்குப் பயந்து விட்டுவிடுவார்கள். வளர்ந்ததும் மண் நிறத்துக்கு மாறி, சாதாரணப் பல்லியாக ஓட ஆரம்பித்துவிடும். 1977-ல் ஹியூயி, பியாங்கா என்ற இருவர் இதை எழுதினார்கள். உட்பிரிவும் இன்னும் முடியவில்லை. ஆப்பிரிக்காக்காரர்களில் சிலவற்றைத் தெர்மோஃபிலம் என்று தனிப் பேரினமாக்க வேண்டும் என்கிறது ஒரு கட்சி, ஆந்தியாவுக்குள்ளேயே ஒரு பிரிவாக இருக்கட்டும் என்கிறது இன்னொரு கட்சி. பேரினம் என்பது ஒரு தீர்மானம், ஆதாரம் கூடினால் மேல்முறையீடு உண்டு.

நாமே நல்ல பெயராக வைப்பதா? தமிழில் தாராளமாக வையுங்கள். ஆறுசொட்டியை இலவசமாகத் தருகிறேன். லத்தீனில் முடியாது. இதே குடும்பத்தில், ஸ்லோவேனியாவின் குகைகளில் கண்ணில்லாத ஒரு சிறு பழுப்பு வண்டு இருக்கிறது. 1937-ல் ஷைபெல் என்பவர் அதற்கு வைத்த பெயர் அனோஃப்தால்மஸ் ஹிட்லெரி. ஆமாம், அவர்தான். யாருக்கும் பிடிக்கவில்லை. அந்தப் பெயருக்காகவே விலை கொடுத்து வாங்குகிற கூட்டம் இருப்பதால் வண்டுக்கே ஆபத்து. ஆனாலும், முறைப்படி பதிவான பெயரைப் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற விலங்கியல் விதியில் வழியில்லை. தாவரவியலாளர்கள் 2024-ல் மாட்ரிட்டில் கூடி, ஆப்பிரிக்கரை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை அடியாகக் கொண்ட செடிப் பெயர்களில் ஓர் எழுத்தை எடுத்துத் திருத்த முடிவு செய்தார்கள். விலங்கியலாளர்கள் அந்தக் கதவைத் திறக்கவே தயங்குகிறார்கள். இன்று ஹிட்லர், நாளை யார் யாரோ என்ற பயம். எனக்கு இதில் தாவரவியல் கட்சிதான்.

உங்கள் ஐந்து புள்ளி வண்டு புது இனமில்லை. கழுத்துப் பகுதியில் இரண்டு, முதுகு ஓட்டில் பக்கத்துக்கு இரண்டாக நாலு, இதுதான் கணக்கு. இந்தப் புள்ளிகள் ஓட்டின் நிறமல்ல, பொடிப்பொடியான வெள்ளை முடிகள். கல்லிடுக்கில் நுழைந்து நுழைந்து தேய்ந்துவிடும். பேரனைப் படத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள், வலது தோளுக்குக் கீழே தேய்ந்த தடம் மங்கலாகத் தெரிகிறது. இன்னொரு முறை பார்த்தால் பையன் குனிந்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படமெடுக்க வேண்டாம்.

ஏழு புள்ளி இருந்தால் மட்டும் உடனே எழுதுங்கள். அது வண்டே இல்லை, கரப்பான். ஆறுசொட்டியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தன்னையும் விட்டுவிடட்டும் என்று அதே வேஷத்தில் நம் முட்காடுகளில் திரிகிறது. லின்னேயஸே அதை 1758-ல் வண்டுகளோடு சேர்த்துப் பதிந்துவிட்டார். அதற்கும் பட்டா மாறுதல் நடந்தது. அதற்கும் அடைப்புக்குறி உண்டு.

அன்புடன்.