மொத்தத்தின் மேல் 4% கூட்டினால் கிண்டர்கார்டன் இடிக்கத்தான் செய்யும்

டெக்சஸ் பள்ளி மாவட்டத்தில் வரும் ஆண்டுகளில் எத்தனை மாணவர்கள் இருப்பார்கள் என்பதை, மொத்த எண்ணிக்கையின் மேல் ஆண்டுக்கு 4% கூட்டிக் கணித்தும் கிண்டர்கார்டன் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) மட்டும் ஒத்துவரவில்லை என்கிறீர்கள். வகுப்பு வகுப்பாகப் போங்கள். போன அக்டோபரில் இரண்டாம் வகுப்பில் 400 பேர், இந்த அக்டோபரில் மூன்றாம் வகுப்பில் 420 பேர் என்றால் விகிதம் 1.05. ஒவ்வொரு வகுப்புக்கும் இந்த விகிதத்தின் ஐந்து ஆண்டுச் சராசரி எடுங்கள்; அதை இப்போதைய வகுப்பின் எண்ணிக்கையோடு பெருக்கினால் அடுத்த ஆண்டின் மேல்வகுப்பு கிடைக்கும். 2020-21 தொட்ட விகிதங்களைக் கழித்துவிடுங்கள், கோவிட் அவற்றைக் குலைத்துவிட்டது.

கிண்டர்கார்டனுக்குக் கீழ்வகுப்பு விகிதம் கைகொடுக்காது, பிறப்புக் கணக்குதான் பிடி. செப்டம்பர் 1 அன்று 5 வயது நிரம்பியிருக்க வேண்டும். எனவே 2026-27க்கு, 2020 செப்டம்பர் முதல் 2021 ஆகஸ்ட் வரை பிறந்தவர்கள். காலண்டர் ஆண்டை எடுத்தால் நாலு மாதம் பிசகும். பிறப்புகளை எண்ணும்போது தாய் வசிக்கும் இடத்தைப் பாருங்கள், மருத்துவமனை இருக்கும் இடத்தை அல்ல.

புது வீடுகளை அப்படியே கூட்டாதீர்கள். பழைய விகிதத்திலேயே கட்டுமான வேகம் கலந்திருக்கிறது. கூடுதல் வேகத்தை மட்டும் சேருங்கள். ஒன்பதாம் வகுப்பு வீங்கித் தெரிந்தால் திருத்த வேண்டாம், கிரெடிட் (பாடம் தேறினால் கிடைக்கும் புள்ளி) போதாமல் அங்கேயே தங்குகிறவர்களும் அதில் உண்டு.