வால்நட்சத்திரமும் பட்டர் பேப்பரும்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வால்நட்சத்திரம் என்று தலைப்பு கொடுத்துவிட்டேன். தெர்மாகோலில் ஹாலி மாடல் செய்தால் போதும் என்கிறார்கள். எனக்கு எதையாவது ஆராய்ந்து பார்க்க ஆசை. ஆனால் ஹாலி 2061-இல்தான் வருமாம். வானத்தில் இல்லாததை எப்படி ஆராய்வது?

– ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

மாடல் போதாது என்று உனக்கே தோன்றியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1949-இல் ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த வைணு பாப்பு புது வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தது புகைப்படத் தட்டில்தான். காவலூர் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நீயும் படத்தில் தேடலாம்.

சூரியனை ஆராய 1995 டிசம்பரில் ஏவிய சோஹோ விண்கலத்தின் கேமராவில், சூரியனை ஒரு வட்டத்தட்டு மறைத்திருக்கும். வெயிலில் நாம் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்க்கிறோமே, அதுபோல. அதனால் சூரியனுக்குப் பக்கத்தில் போகும் வால்நட்சத்திரங்கள் தெரிகின்றன. இந்தப் படங்களில் 5000-க்கும் மேல் சிக்கியிருக்கின்றன. பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்த ஆர்வலர்கள். படங்கள் இணையத்தில் இலவசம்.

சோஹோவின் கேமராக்களில் ஒன்றின் பெயர் சி3. அதன் 2013 நவம்பர் 27, 28 தேதிகளின் படங்களை எடு. ஐசான் வால்நட்சத்திரம் சூரியனை நோக்கிப் பாய்ந்த நாட்கள் அவை. திரையில் பட்டர் பேப்பரை ஒட்டிக்கொள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு படமாக மாற்றி, ஐசானின் தலை இருக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளி வை. படத்தின் அளவை மட்டும் நடுவில் மாற்றிவிடாதே. தட்டின் நடுவே உள்ள வெள்ளை வட்டம்தான் சூரியனின் அளவு. விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். உன் திரையில் அது 7 மில்லிமீட்டர் என்றால், ஒரு மில்லிமீட்டர் 2 லட்சம் கிலோமீட்டர். அப்புறம் ஸ்கேலும் வகுத்தலும்தான், வேகம் வந்துவிடும்.

சூரியனை நெருங்க நெருங்கப் புள்ளிகளின் இடைவெளி கூடும். சூரியனை நெருங்கும்போது வேகம் கூடும் என்று வானியலாளர் கெப்ளர் சொன்னதை உன் கையாலேயே அளந்திருப்பாய். ஒன்று கவனி: ஐசான் நம்மை நோக்கியோ விலகியோ நகர்ந்த தூரம் படத்தில் தெரியாது. உண்மையான வேகம் உன் கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். இதையும் அட்டையில் எழுது. கேள்வி கேட்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

28-ஆம் தேதி அது தட்டுக்குப் பின்னால் மறையும். மறுபக்கம் வெளியே வந்தது விசிறிபோல் பரந்த மங்கலான திட்டு மட்டும்தான். சூரிய வெப்பத்தில் சிதைந்துவிட்டது. அந்தப் பக்கத்துக்கும் பேப்பரில் இடம் விட்டுவை. எங்கே புள்ளி வைப்பது என்று நீதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.