வேலூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நம் கடல் உயிரினங்களைப் பார்க்க, கடலோரமாகச் சின்ன மீன் காட்சியகம் ஏதாவது இருக்கிறதா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மண்டபம் ஊருக்குப் போங்கள். அங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தில் ஒரு மீன் காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக் குகைக்குள் நடக்கிற பிரமாண்டம்தான் வேண்டுமென்றால் சென்னையே போதும். இங்கே தொட்டிகள் சின்னவைதான், ஆனால் பார்ப்பதெல்லாம் நம் கடல் சரக்கு.

திருப்பதி–ராமேஸ்வரம் ரயில் காட்பாடி வழியாகப் போகிறது. தினசரி கிடையாது, நாள் பார்த்து டிக்கெட் போடுங்கள். ராமநாதபுரத்தில் இறங்கி ராமேஸ்வரம் பஸ் ஏறினால், ‘மண்டபம் கேம்ப்’ என்று கேட்டு டிக்கெட் வாங்குங்கள். வெறுமனே மண்டபம் என்றால் சில கிலோமீட்டர் தாண்டி ஊருக்குள் இறக்கிவிட்டுவிடுவார்கள். அரசு நிறுவனம் என்பதால் விடுமுறை நாளில் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்க்காதீர்கள். முன்னாடியே போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல், தென்கடல் என்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றில் வடகடல் கலங்கிக் கிடக்கும், மழையும் சேரும். ஜனவரி, பிப்ரவரி சௌகரியம். கரையில் மீன் இறங்குவதையும் பார்க்க வேண்டுமானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போகாதீர்கள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.

பலரும் பத்து நிமிஷத்தில் சுற்றிவிட்டு ‘ஒண்ணுமே இல்லையே’ என்று வெளியே வருவதற்குக் காரணம், இந்த உயிரினங்களில் பாதி அசையாமல் ஒளிந்திருக்கும். கடல் குதிரையைத் தேடும்போது மீன் உருவத்தைத் தேடக் கூடாது. பாசியிலோ குச்சியிலோ சுற்றிய வாலைத் தேடுங்கள். அங்கிருந்து மேலே போனால் முதுகில் ஒரு சின்னத் துடுப்பு விசிறி மாதிரி படபடக்கும். வயிறு உப்பியிருந்தால் அது பெரும்பாலும் ஆண். முட்டையைப் பையில் சுமப்பது அப்பன்தான். சிங்கி இறால் பகலில் கல்லிடுக்கில் பதுங்கும், நீண்ட மீசை மட்டும் வெளியே தெரியும். பாம்பு மாதிரி நீண்ட அஞ்சாலை மீன் வாயைத் திறந்து திறந்து மூடினால் பிள்ளைகள் மிரளுவார்கள். கடிக்க வரவில்லை, மூச்சு விடுகிறது.

வெள்ளரிக்காய் மாதிரி தரையில் கிடக்கும் கடல் அட்டையைத் ‘தூக்கிக் காட்டுங்க அண்ணா’ என்று ஊழியரிடம் கேட்காதீர்கள். ரொம்பத் தொந்தரவு செய்தால் சில வகை அட்டைகள் குடலையே வெளியே தள்ளிவிடும். கடல் குதிரை, கடல் அட்டை இரண்டையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கிறது. வெளியே யாராவது காய வைத்து விற்றால் ஞாபகத்துக்கென்று ஒன்றுகூட வாங்கிவிடாதீர்கள்.

வேலூர்ப் பிள்ளைகளுக்கு ஏரி விரால் தெரியும். ‘கடல் விரால்’ என்ற பேரைக் கேட்டால் கூடுதலாக ஒன்று சொல்லிக்கொடுங்கள். அது விராலுக்குச் சொந்தமே இல்லாத வேறு மீன். இந்தியாவில் முதன்முதலாக 2010-இல் அதை முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்ததும் இதே மண்டபம் மையம்தான்.

மீனுக்கு இமை கிடையாது, அதனால் போட்டோவுக்கு ஃபிளாஷ் வேண்டாம். போட்டாலும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிதான் விழும். செல்போன் லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து எடுங்கள்; அடர்நிறச் சட்டை போட்டிருந்தால் கண்ணாடியில் உங்கள் பிம்பமும் அவ்வளவாக விழாது. கண்ணாடியைத் தட்டினால் அந்த அதிர்வு மீனின் உடம்பு முழுக்கப் போகும், இருக்கிற மீனும் ஒளிந்துகொள்ளும். வேலூர்க் கோட்டை அகழியில் மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கையை இங்கே மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.