துணிப்பை எடுத்துட்டுத்தான் போறோம், ஆனாலும் வீட்டுல பிளாஸ்டிக் குறையலையே?

கேள்வி: மேடவாக்கத்துல அபார்ட்மென்ட்ல நாலு பேர் இருக்கோம். கடைக்கு எப்பவும் துணிப்பைதான், அப்பவும் வாராவாரம் ஒரு மூட்டை கவர் சேருது. எங்கேர்ந்து குறைக்கிறது?

துணிப்பையை விடாதீங்க, ஆனா அது கேரி பேக்கை மட்டும்தான் நிறுத்தும், மத்ததெல்லாம் பொருளோட பேக்கிங்காவே வீட்டுக்குள்ள வந்துடுது. ஒரு வாரக் குப்பையைப் பேப்பர் விரிச்சுக் கொட்டிப் பாருங்க, அனேகமா பால் கவரும் ஹோட்டல் பார்சலும்தான் அதிகமா இருக்கும்.

பால் கவரைத் தவிர்க்கிறது சிட்டியில கஷ்டம்தான், ஆனா அது எல்டிபிஇங்கிற ஒரு வகை பிளாஸ்டிக், மறுசுழற்சிக்கு நல்லாவே போகும், நாமதான் வெட்டுறப்பவே கெடுத்துடுறோம். மூலையை முழுசா நறுக்கி எடுக்காம அந்தத் துண்டு கவரோடவே ஒட்டியிருக்கிற மாதிரி வெட்டுங்க, ஏன்னா தனியா விழுற குட்டித் துண்டை யாரும் பொறுக்க மாட்டாங்க, அது மழைத்தண்ணியோட கால்வாய்க்குப் போயிடும். அப்புறம் கவரை அலசி (அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊத்திடுங்க) கொடியில கிளிப் போட்டுக் காய வெச்சு சேர்த்தீங்கன்னா காயலான் கடையில எடைக்கு எடுத்துப்பாங்க, பால் நாத்தத்தோட கசங்கிக் கிடந்தா தொட மாட்டாங்க.

கொதிக்கிற சாம்பாரைக் கவர்ல கட்டி வாங்குறதை மட்டும் இன்னிக்கே நிறுத்துங்க. சாப்பாடு கட்டுற பிளாஸ்டிக் ஷீட்டுக்கு 2019 ஜனவரி 1லேர்ந்தே தமிழ்நாட்டுல தடை இருக்கு. ஒரு தூக்குவாளியும் ரெண்டு எவர்சில்வர் டப்பாவும் வண்டியிலயே வெச்சுடுங்க, இல்லன்னா மறந்துடும். கேட்டா பெரும்பாலான கடையில பாத்திரத்துலயே ஊத்தித் தருவாங்க.

சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே எல்லாம் பல அடுக்கா ஒட்டினது, பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம், காயலான் கடையிலயும் வாங்க மாட்டாங்க, அதனால வாங்காம இருக்கிறதுதான் வழி. ஷாம்பு பெரிய பாட்டிலா வாங்குங்க, மிக்சர் முறுக்கெல்லாம் ஸ்வீட் ஸ்டால்ல டப்பா நீட்டி வாங்கிக்கலாம்.

கறுப்பு கார்பேஜ் பேக்கும் பிளாஸ்டிக்தான். ஈரக் குப்பையைத் தனியாப் பிரிச்சு, அந்தத் தொட்டியில பழைய நியூஸ்பேப்பர் விரிச்சாலே போதும். மக்கும் பைன்னு விக்கிறதை நம்பி நிறையக் காசு போடாதீங்க, அதுல பலது சூடு அதிகமா இருக்கிற பெரிய உரக்கிடங்குலதான் மக்கும், பால்கனி தொட்டியில அப்படியே கிடக்கும்.

அப்புறம் ஊர்ல பெரியவங்க யாராவது வெந்நீர் அடுப்புல கவரைப் போட்டு எரிக்கிறாங்கன்னா தயவுசெஞ்சு சொல்லி நிறுத்துங்க, பிவிசி (பைப் செய்யுற பிளாஸ்டிக்) கலந்திருந்தா டையாக்சின்ங்கிற விஷப்பொருள் வரும், அந்தப் புகையை முதல்ல சுவாசிக்கிறது அடுப்புக்கிட்ட உக்காந்திருக்கிற அவங்கதான்.