யாரோடு சாப்பிட்டீர்கள்?

அன்புள்ள ஐயா,

பண்ருட்டிப் பக்கத்து ஊர்க்காரன் நான். புதுச்சேரியில் விடுதியில் தங்கி முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரவு 2, 3 மணிவரை தூக்கம் வருவதில்லை. கைப்பேசியில் எதையாவது பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். எழும்போது 11 மணியாகிவிடுகிறது. மெஸ்ஸில் காலைச் சாப்பாடு முடிந்திருக்கும். வகுப்பின் நடுவில் நுழையக் கூச்சமாக இருப்பதால் வகுப்புக்கே போவதில்லை. மதியம் சாப்பிட்டால் உண்டு. இரவு 11 மணிக்கு வாசலுக்கு வெளியே உள்ள கடையில் டீயும் பிஸ்கட்டும். அம்மா தினமும் 9 மணிக்குப் போன் செய்து "சாப்பிட்டாயா?" என்று கேட்பார். சாப்பிட்டுவிட்டேன் என்பேன்.

அதிகாலையில் எழுவதைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு 5 மணிக்கு அலாரம் வைத்தேன். 9 நாள் தாக்குப்பிடித்தேன். பத்தாம் நாள் மாலைவரை எழவே முடியவில்லை. வருகைப்பதிவு குறைவு என்று வீட்டுக்குக் கடிதம் போனது. "உனக்கு உடம்பு வணங்கவில்லை" என்றார் அப்பா. சில இரவுகளில், காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. இது சோம்பலா, நோயா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று. மற்றவற்றையெல்லாம் பிறகு பேசலாம். அந்த வரியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண்ணம் இனி எந்த இரவில் வந்தாலும் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். இரவு 3 மணிக்கு யாரை எழுப்புவது என்று தயங்க வேண்டியதில்லை. அங்கே அதற்காகவே ஆள் விழித்திருக்கிறார். இந்த வாரத்திலேயே கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போய் ஒரு மருத்துவரைப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள். அறைத்தோழரிடம் "கூட வா" என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் வழியில் சொல்லிக்கொள்ளலாம்.

சோம்பலா, நோயா என்று கேட்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. ஆனால் மருத்துவர்கள் எதைக் கேட்பார்கள் என்று தெரியும். இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருக்கிறதா? பிடித்தவற்றில் பிடிப்புப் போய்விட்டதா? தூக்கம், பசி, கவனம், தன்னைப் பற்றிய மதிப்பு இவை குலைந்திருக்கின்றனவா? சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா? உங்கள் கடிதத்திலேயே இவற்றில் பலவற்றுக்கு விடை இருக்கிறது. ரத்தசோகை, தைராய்டுக் குறைவு போன்றவையும் ஆளை இப்படிப் படுக்கவைக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தரலாம். எப்படியிருந்தாலும் "உடம்பு வணங்கவில்லை" என்பது இதற்கு விளக்கம் ஆகாது. சோம்பேறிக்குத் தன் சோம்பலைப் பற்றி இவ்வளவு வேதனை இருக்காது.

அடுத்து, என் கட்டுரை. அதை எழுதியபோது எனக்கு 50 வயது தாண்டியிருந்தது. இரவு 9 மணிக்குக் கண் சொருகுகிற வயதில் 5 மணிக்கு எழுவதைப் பெருமையாக எழுதினேன். படுப்பது 2 மணி, எழுவது 5 மணி என்று ஒரு பையன் 9 நாள் தன்னை வதைத்துக்கொள்வான் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அது என் தவறு. உங்கள் வயதில் 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். கனவு வருகிற தூக்கம் பெரும்பகுதி இரவின் பின்பாதியில்தான் வருகிறது. மனத்தின் காயங்கள் ஆறுவதில் அதற்குப் பங்கு இருக்கிறது. 5 மணி அலாரம் சரியாக அந்தப் பகுதியைத்தான் வெட்டி எறிந்தது. பத்தாம் நாள் நீங்கள் எழாமல் கிடந்ததைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். உடம்பு தனக்கு வரவேண்டிய கடனை வசூலித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

1729-ல் ழான் ழாக் தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சம் இல்லாமலே அது பகலில் இலை விரித்தது, இரவில் மூடிக்கொண்டது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. நமக்குள்ளும் ஓடுகிறது. அது உயிரணுக்களுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்ததற்கு 2017-ல் மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். உங்களுக்குத் தேவையான செய்தி இதுதான்: பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அது தினமும் திருத்தப்படும். ஜன்னலை மூடிக்கொண்டு 11 மணிவரை படுத்திருந்தால் திருத்த ஆளில்லாமல் நாளுக்கு நாள் பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு, வாலிபத் தொடக்கத்தில் அது இயற்கையாகவே தாமதமாக ஓடும். விடுதியில் பாதிப் பேர் நள்ளிரவில் விழித்திருப்பதற்கு ஒழுக்கக்கேடு காரணமில்லை.

எனவே தூங்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். தூக்கத்தைக் கூப்பிட்டு வரவழைக்க முடியாது. எழும் நேரத்தைப் பிடிக்கலாம். முதலில் 10 மணி, சில நாளில் 9, பிறகு 8. அதற்கு முன்னால் போக வேண்டாம். எழுந்ததும் கால் மணி நேரம் வெளியே வெயிலில் நில்லுங்கள். சனி, ஞாயிறும் அதே நேரம். இரவு 11 மணி டீயை விட்டுவிடுங்கள். குடித்து 5 மணி நேரம் கழித்தும் அதன் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். கைப்பேசியைக் கட்டிலிலிருந்து எழுந்து நடந்தால்தான் கைக்கு எட்டும் என்ற தூரத்தில் சார்ஜ் போடுங்கள்.

இவ்வளவையும் தனியாகச் செய்ய முடியாது என்பதைத்தான் நான் இந்தக் கடிதத்தில் சொல்ல விரும்புகிறேன்.

என் அப்பா 1986-ல் இறந்தார். நான் விடுதியில் இருந்தேன். காரியம் முடிந்து திரும்பி வந்தபின் எனக்குக் காலை என்ற ஒன்றே இல்லாமல் போனது. வெயில் ஏறிய பிறகு எழுவேன், மீண்டும் படுப்பேன். எங்கள் மெஸ் மாஸ்டருக்கு அறுபது வயதிருக்கும். ஒருநாள் மதியம் என்னை அழைத்து, "கண் மங்கிவிட்டது தம்பி, காலையில் காய் வண்டி வரும்போது எடையை நோட்டில் எழுதித் தருகிறாயா?" என்று கேட்டார். மறுக்க வாய் வரவில்லை. மறுநாள் ஏழரைக்குப் போய் நின்றேன். கத்தரிக்காய் 12 கிலோ, பூசணி 20 கிலோ. எழுதி முடித்ததும் நாலு இட்லியை வைத்து எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முள்ளங்கி விலையைப் பற்றிப் பேசினார். ஒருநாள் தாமதமாகப் போனேன். வண்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் மூட்டையைப் பிரிக்கவிடாமல் எனக்காகக் காத்திருந்தார். அதற்குப் பிறகு நான் தாமதித்ததில்லை.

மனம் தெளிந்தபின் எழலாம் என்று நாம் காத்திருக்கிறோம். மனநல மருத்துவத்தில் இதைத் திருப்பிப்போட்டு, சிறு செயலை முதலில் வைத்து மனத்தைப் பின்னால் வரவைக்கும் சிகிச்சை முறை ஒன்று 1970-களிலிருந்து இருக்கிறது. அந்த மாஸ்டருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அன்று என்னை மருத்துவரிடம் அழைத்துப்போக யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நான் இழந்த ஓராண்டை இழந்திருக்க மாட்டேன். இட்லி மருந்துக்குப் பதில் ஆகாது, இரண்டும் வேண்டும்.

வீட்டில் இருந்தவரை உங்கள் நாளை நீங்கள் கட்டவில்லை. அம்மா வாசல் தெளிக்கும் சத்தம், அப்பா முந்திரித்தோப்புக்குக் கிளம்பும் சைக்கிள், பள்ளிப் பஸ் எல்லாம் சேர்ந்து கட்டின. விடுதிக்கு வந்ததும் அத்தனையும் ஒரே நாளில் கழன்று விழுந்தன. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளையிடம் முழு நாளையும் கொடுத்து "ஒழுங்காக வைத்துக்கொள்" என்கிறோம். முடியாதபோது அவன் குணத்தைப் பழிக்கிறோம். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அறைத்தோழரோ வகுப்புத்தோழியோ, காலைச் சாப்பாட்டுக்கு ஒருவரோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களுக்காக மெஸ் வாசலில் நிற்க வேண்டும், அல்லது நீங்கள் அவருக்காக நிற்க வேண்டும். அம்மாவிடம் இன்று இரவு உண்மையைச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் பிள்ளைகள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை வரத் தாமதமானால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பாருங்கள். பண்ருட்டியிலிருந்து புதுச்சேரி ஒன்றும் தூரமில்லை.

இன்னொன்று. நீங்கள் இருக்கும் ஊரில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவ்வளவு விரிவாக நீங்கள் எழுத வேண்டாம். எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன், எத்தனை வேளை சாப்பிட்டேன் என்று தினம் ஒரு வரி. இரண்டு வாரத்துக் குறிப்பு கையில் இருந்தால் மருத்துவருக்கு உங்களைப் புரிந்துகொள்வது எளிது. அதற்காக முதல் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் போன் எண்ணைத் தனி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். தினமும் காலையில் எழுந்த நேரத்தையும் கூடச் சாப்பிட்டவர் பெயரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம். நாளைக் காலை 10 மணிக்கு மஞ்சக்குப்பத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.