காற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்: விமானம் பார்ப்போரின் கேள்விகள்

சிங்கப்பூரில், பாய லேபாரில் பயணிகள் விமானங்கள் இறங்கிய காலத்தில், தாத்தாவை ஊருக்கு வழியனுப்பப் போய் அங்கேயே கண் கொட்டாமல் நின்றுவிட்ட பையன் நான். 1981இல் சாங்கி விமான நிலையம் திறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அன்று தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை. நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தைப்பூசத்துக்கு மறுநாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாங்கி கடற்கரைப் பூங்காவுக்குப் போனோம். இரண்டு மணி நேரம் நின்றும் தலைக்கு மேல் ஒன்றுகூட இறங்கவில்லை. எல்லாம் மேலே ஏறிப் போய்விட்டன. இடம் தப்பா? (தெம்பனிஸ்)

இடம் சரிதான்மா, காலம்தான் வேறு. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். சாங்கி ஓடுபாதைகளின் ஒரு முனையில் 02 என்றும் மறுமுனையில் 20 என்றும் எழுதியிருக்கும். பத்தால் பெருக்கினால், வடக்கிலிருந்து எண்ணும்போது ஏறத்தாழ எந்தப் பாகையை நோக்கி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அப்போது விமானங்கள் தெற்கே கடல் பக்கமிருந்து வந்து 02இல் இறங்கி, நீங்கள் நின்ற பக்கமாக ஏறிப் போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும்போது எல்லாம் தலைகீழ். வடக்கே ஜோகூர் பக்கமிருந்து தாழ்ந்து வந்து, பூங்காவுக்கு மேலாக 20இல் இறங்கும்.

அதனால் ஜூலையில் இன்னொரு முறை போங்கள். இரட்டை மாடி ஏ380 விமானம் ஒன்று கடந்ததும் பிள்ளையிடம் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். இயந்திர இரைச்சல் அடங்கிச் சில நொடி கழித்து, புது வேட்டியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் மேலிருந்து இறங்கி வரும். இறக்கை நுனியில் சுருண்ட காற்றுச் சுழல் அது. காற்று அசையாத நாளில்கூடச் சவுக்கு மரத்து நுனிகள் திடீரென்று ஆடும். முதல் தடவை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 777, ஏர்பஸ் ஏ350 இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. (ஈசூன்)

சக்கரத்தை எண்ணுங்கள் தம்பி. 777இன் வயிற்றுக்கடியில் இரு பக்கமும் ஆறு ஆறு சக்கரம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் உள்ள ஏ350-900க்கு நாலு நாலுதான். முகத்தைப் பார்த்தும் சொல்லலாம்: ஏ350இன் விமானி ஜன்னலைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி மாட்டியதுபோல ஒரு பட்டை இருக்கும். போயிங் 787 என்றால் இயந்திரக் கூட்டின் பின்விளிம்பு ரம்பப் பல்போல இருக்கும். ஸ்கூட் நிறுவனத்தின் மஞ்சள் 787 விமானங்களில் இதைச் சுலபமாகப் பார்க்கலாம்.

2024 அக்டோபரில் மதுரையிலிருந்து வந்த விமானத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தபோது என் தங்கை அதில் இருந்தாள். இரண்டு போர்விமானங்கள் கூட வந்ததாகப் பிறகு செய்தியில் பார்த்தோம். விமானங்களைக் காட்டும் செயலியில் நான் பார்த்துக்கொண்டே இருந்தேனே, அவை ஏன் தெரியவில்லை? (உட்லண்ட்ஸ்)

அந்த இரவு உங்கள் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது அக்கா. கூட வந்தவை நம் ஆகாயப் படையின் இரண்டு எஃப்-15எஸ்ஜி விமானங்கள். குடியிருப்புகளுக்கு மேலே வரவிடாமல் விலக்கி அழைத்து வந்தன. பத்து மணிக்குச் சற்றுப் பிறகு உங்கள் தங்கை வந்த விமானம் சாங்கியில் பத்திரமாக இறங்கியது.

ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகள் ரேடாரைக் காட்டுவதில்லை. பயணிகள் விமானம் தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸால் அறிந்து, உயரம், வேகத்தோடு சேர்த்து 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தானே ஓயாமல் அறிவித்துக்கொண்டு வரும். உலகெங்கும் ஆர்வலர்கள் மாடியிலும் ஜன்னலோரத்திலும் வைத்திருக்கும் சின்னப் பெட்டிகள் அதைப் பிடித்து இணையத்துக்கு அனுப்புகின்றன. போர்விமானம் பணியில் இருக்கும்போது இப்படிக் கூவிக்கொண்டு போகாது. திரையில் இல்லை என்பதற்காக வானத்தில் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு பாய லேபார் விமானத் தளத்துக்குப் பக்கம். பன்னிரண்டாவது மாடி. போர்விமானங்கள் நன்றாகத் தெரிகின்றன. படம் எடுத்து, நேரத்தோடு போடலாமா? (ஹவ்காங்)

பாருங்கள், ரசியுங்கள். இரட்டை வால் என்றால் எஃப்-15, ஒற்றை வால் என்றால் எஃப்-16. காதை வைத்தே வேறுபாடு சொல்லும் அளவுக்குப் பழகிவிடுவீர்கள்.

ஆனால் தளத்துக்குள் கேமராவைத் திருப்பாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களைப் படமெடுப்பதை 2017ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வேலியில் சிவப்புப் பலகை தொங்குவது சும்மா இல்லை. சட்டத்தை விடுங்கள், நான் சொல்ல வருவது வேறு. எத்தனை மணிக்கு எத்தனை ஏறின, எப்போது திரும்பின என்று தினமும் எழுதினால் சில மாதத்தில் அது ஓர் அட்டவணை ஆகிவிடும். அந்த விமானங்களில் ஏறிப் போவது நம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். என் மகனும் தேசிய சேவை செய்தவன். நாற்பது ஆண்டுக்கு மேலாகக் குறிப்பெடுக்கிறேன், ராணுவ விமானப் பக்கம் மட்டும் என் நோட்டில் காலி.

படம்தான் ஆசை என்றால், இரட்டைப்படை ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஆகாயக் கண்காட்சி வரும். அது இல்லாவிட்டால் தேசிய தின ஒத்திகைச் சனிக்கிழமைகளில் மரினா அணைக்கட்டுப் புல்வெளிக்குப் போங்கள். தேசியக் கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு சினூக் ஹெலிகாப்டர் வரும். அந்த இரட்டைச் சுழலியின் அதிர்வு முதலில் நெஞ்சில்தான் விழும், பிறகுதான் காதில்.

என்ன கேமரா வாங்கலாம்? (செங்காங்)

ஆறு மாதம் கைப்பேசி போதும். காலை பத்து மணிக்குள் எடுங்கள். அதன் பிறகு தார் சூடேறிக் கானல் எழும்பும், எந்த லென்ஸாலும் படம் தெளியாது.

ட்ரோன் பறக்கவிட்டு எடுத்தால்? (பிடோக்)

வேண்டவே வேண்டாம். விமான நிலையத்திலிருந்தும் விமானத் தளத்திலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது குற்றம். ஒரு விமானத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிர் இருக்கிறது.

அண்ணே, நான் துவாஸில் கட்டுமான வேலை பார்க்கிறேன். ஞாயிறு மட்டும் லீவு. எங்க ஊர் திருச்சி. திருச்சி ஃபிளைட் இறங்குவதை ஒரு தடவை கிட்டத்தில் பார்க்கணும். எங்கே நிற்கலாம்?

துவாஸ் லிங்க்கில் ரயில் ஏறினால் மாறாமல் தெம்பனிஸ் வந்துவிடலாம் தம்பி. அங்கே 29ஆம் எண் பேருந்து பிடித்து சாங்கி வில்லேஜில் இறங்குங்கள். உணவங்காடியில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, கடற்கரையை ஒட்டி ஓடுபாதை இருக்கும் கிழக்குப் பக்கம் முக்கால் மணி நேரம் நடங்கள். செலவில்லை, யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்கமாட்டார்கள்.

திருச்சியில் கிளம்பியதிலிருந்தே செயலியில் பின்தொடரலாம். இங்கே வர ஏறக்குறைய நாலு மணி நேரம். வங்கக் கடல் நடுவே திரையில் விமானத்தின் படம் நின்றுபோனாலோ மறைந்தாலோ பதறாதீர்கள். பூமி உருண்டை என்பதால் தரையில் இருக்கும் பெட்டிக்கு 400 கிலோமீட்டர் வரைதான் எட்டும், கடல் நடுவே பெட்டி ஏது? மலாக்கா நீரிணைப் பக்கம் மீண்டும் தெரியும். இந்திய விமானமானால் பின்பக்கம் விடி (VT) என்று தொடங்கும் பதிவெழுத்து இருக்கும், ஸ்கூட் என்றால் 9வி (9V). அதை ஒரு சின்ன நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்.

ஜூலை ஞாயிறுகளில் நானும் அங்கேதான் நிற்பேன். பச்சைக் குடை.